டீமேக்கர் நாக்கும் டர்பைன் எண்ணெயும்

நடுவட்டம் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்கள் என் பொறுப்பு. டிரையருக்குள் சூட்டுக் காற்றைத் தள்ளும் விசிறியின் பேரிங்கில் சாதாரண எண்ணெய் ஊற்றினால் சீக்கிரமே தீய்ந்து தார் போலாகி, பேரிங்கே போய்விடும்; ஏற்கெனவே ஒருமுறை போயிருந்தது. டர்பைன் எஞ்சின்களுக்கென்றே செய்யப்படும் செயற்கை எண்ணெயை நான்தான் அடம்பிடித்து வாங்க வைத்தேன். விமான எஞ்சினின் சூட்டையே தாங்குகிற எண்ணெய்க்கு எங்கள் டிரையர் எம்மாத்திரம்!

எண்ணெய் நன்றாகத்தான் உழைத்தது. ஆனால் பொன்னிறம் போய் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. இந்த வகை எண்ணெய் சூடு பட்டால் கறுக்கும். அதனாலேயே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் டீமேக்கரிடம் இது எடுபடவில்லை. தூளின் பக்குவத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். கண்ணையும் நாக்கையும் தவிர உலகத்தில் எதையும் நம்பாத மனிதர்.

"ஏனுங்க என்ஜினியரம்மா, எண்ணெய் கருகிப் போச்சுங்க. டிரையரை நிறுத்திப்போட்டு, பழைய எண்ணெயவே ஊத்திருங்க" என்றார்.

கொழுந்து குவிகிற மாதம் அது. வாடப் போட்ட இலை மாடி முழுக்கக் கிடந்தது. டிரையரை நிறுத்தினால் அத்தனையும் பாழ். பழைய எண்ணெயை ஊற்றினாலோ பேரிங் மறுபடி போகும், பழி என் தலையில் விழும். மேனேஜர், "டீமேக்கர் சொல்றதுதான் முடிவு" என்று நழுவிவிட்டார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

சரி, கண்ணிலேயே காட்டிவிடுவோம் என்று கொஞ்சம் எண்ணெயை எடுத்து ஆறவிட்டு, ருசி பார்க்கும் அறையிலிருந்த வெள்ளைக் கோப்பை ஒன்றில் ஊற்றினேன். கசடு இருந்தால் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிடப் போனேன்.

அவரோ வேறு வாசல் வழியாக வந்து, வரிசையாக இருந்த தேநீர்க் கோப்பைகளை ருசி பார்க்கத் தொடங்கியிருந்தார். ஸ்பூனில் எடுப்பார், சர்ரென்று உறிஞ்சுவார், துப்புவார். கை நிற்கவே நிற்காது. நான் திரும்பி வந்து, "ஐயோ, அது வேண்டாங்க!" என்று கத்துவதற்குள் கடைசிக் கோப்பையையும் உறிஞ்சிவிட்டார்.

துப்பிப் பழகிய வாய், நல்லவேளையாகத் துப்பிவிட்டது. பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்துக்கொண்டே இருந்தார். முகம் அஷ்டகோணலாகியிருந்தது. எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன, எண்ணெயை மாத்தணுமா?"

டீமேக்கர் வாயைத் துடைத்துக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"வேண்டாங்க, ஓடட்டும். குடிக்கத்தான் ஆகாது. ஆனா கருகல் இல்லீங்க."