அக்காவின் முதல் ரேடியோப் பேச்சு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஞாபகமும் முன்னே பின்னே போகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யுத்த காலத்தில் சர்க்கார் உத்தரவு போட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்குப் புது மணி என்று பேர். அப்போது நாங்கள் சாந்தோமில் இருந்தோம். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீசில் குமாஸ்தா. அவருடைய பாக்கெட் கடிகாரம் புது மணி. அம்மாவுக்குச் சுவர்க் கடிகாரம் பழைய மணியில்தான் ஓட வேண்டும். பால்காரனும் கீரைக்காரியும் வெயிலைப் பார்த்து வருகிறவர்கள், அவர்களுக்கு உத்தரவு தெரியாது என்பாள். அதனால் எங்கள் வீட்டில் யாராவது மணி கேட்டால், எந்த மணி என்று திருப்பிக் கேட்போம்.

அக்கா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ரேடியோவில் பேச வேண்டும் என்று அவளுக்கு ஒரே பைத்தியம். ஒரு வருஷமாக எழுதி எழுதிப் போட்டு, கடைசியில் மகளிர் நிகழ்ச்சியில் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். ரேஷன் கோதுமையில் பிள்ளைகளுக்கு என்னென்ன செய்து தரலாம் என்று பேச வேண்டும். எழுதியதை முன்கூட்டியே அனுப்பி, அவர்கள் பார்த்து முத்திரை குத்தின பிறகுதான் படிக்கலாம். அப்பாவுக்கு இதில் பிரியமில்லை. "ஒரு தடவை போ. நாலு பேர் குறை சொன்னா அதோட நிறுத்திக்கணும்" என்று சொல்லிவிட்டார். அக்கா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பேச்சு புது மணி ஒன்றரைக்கு. அன்று காலை ஆபீஸ் போகுமுன் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் புது மணிக்குத் திருப்பி வைத்துவிட்டு, இன்றைக்கு ஒரு நாள் இதைப் பார்த்தே புறப்படு, குழம்பாதே என்று அக்காவிடம் சொன்னார். அக்கா குளிக்கப் போன நேரத்தில் அம்மா அதைப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு, தன் அடுப்பு வேலை எல்லாம் தலைகீழாகப் போகும், முக்காலியில் ஏறி முள்ளை ஒரு மணி பின்னால் தள்ளு என்றாள். தள்ளினேன். "அக்காகிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசைக்குப் போய்விட்டாள். போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவாள்.

அக்கா குளித்துவிட்டு வந்தவள் உள்ளறையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். நான் கதவருகே போய் நின்றேன். "நிறுத்திட்டா எனக்கு மறுபடி வராது. கூப்பிடாதே, போ" என்றாள். போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனேன். கையாலேயே விரட்டினாள். எனக்கு வயது பதினொன்று. யாராவது குரல் உயர்த்தினாலே அங்கிருந்து ஓடிவிடுவேன். ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் நேரமிருக்கிறது என்று அவளே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். நேரம் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்பாளே. வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மாம்பலத்தில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் தெருவில் ரேடியோ அவர்கள் வீட்டில் மட்டும்தான். மத்தியான ஒலிபரப்பு புது மணி பன்னிரண்டரைக்குத் தொடங்கும். அது சுவர் வழியாகக் கேட்டபோது எங்கள் கடிகாரத்தில் பதினொன்றரை. செய்தி வாசித்தார்கள். பருத்தி விலை, கடலை விலை சொன்னார்கள். அப்புறம் ஒரு பெரியவர் இருமிக்கொண்டே ஏதோ சரித்திரம் பேச ஆரம்பித்தார்.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலை பின்னிக்கொள்ள வெளியே வந்தாள்.

"அக்கா, அது பழைய மணி."

அவள் என்னைத் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய்ச் செருப்பைத் தேடினாள். நான் ஜட்கா பிடிக்க ஓடினேன். வண்டிக்காரர் சாவகாசமாக, "குதிர துன்னுக்கினு கீது பாப்பா, கொஞ்சம் இரு" என்றார். நான் அழுததைப் பார்த்துத்தான் புல்லை உருவிப் போட்டுவிட்டு வண்டியைக் கட்டினார். அக்கா பாதிப் பின்னலோடு ஏறினாள். ரேடியோ நிலையம் இருக்கிற எழும்பூர் போய்ச் சேர வேண்டும்.

நான் பக்கத்து வீட்டுக்குப் போய் ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். ஒன்றரை அடித்தது. அக்காவின் பேரைச் சொல்லவேயில்லை. நேராக ஒரு அம்மாள் குரல், கோதுமையை முதல் நாளே ஊற வைக்க வேண்டும் என்று தொடங்கியது. அத்தனையும் அக்காவின் வார்த்தைகள். ஆள் வராததால், கையில் இருந்த பிரதியை நிலையத்து அம்மாளே படித்துவிட்டார்கள். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது.

ஜவுளிக்கடை வீட்டம்மாள் தாடையில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாத்தியாட்டி, பொட்டிக்குள்ள போனதும் ஒங்க அக்கா கொரலே மாறிட்டு. நல்லாத்தான் பேசுதா" என்றார்.

அக்கா மூன்றரைக்குத் திரும்பி வந்தாள். பாதிப் பேச்சு நடக்கும்போது போய்ச் சேர்ந்ததாகவும், தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மீதியைக் கேட்டதாகவும் சொன்னாள். ரேஷன் கடையிலிருந்து வந்த அம்மா, "மணிய சொன்னியா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன்.

சாயங்காலம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவைக் கூப்பிட்டார். ஆபீசுக்கு எதிர் ஓட்டலில் முதலாளியிடம் சொல்லி ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னாராம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டார்களாம்.

"நீயா பேசினே? நிறுத்தி, நிதானமா, எவ்வளவு நல்லா இருந்துச்சு. இனிமே கூப்பிட்டா போய்ட்டு வாம்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள், "சரிப்பா" என்றாள்.

அன்று ராத்திரியே மன்னிப்புக் கேட்டு நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள். ஏழெட்டு மாதம் பதிலில்லை. அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்து, தன் குரலிலேயே பேசினாள். அப்பா அதையும் அதே ஓட்டலில் கேட்டுவிட்டு வந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மொதல் தடவை மாதிரி வரலையேம்மா."

அக்கா அடுத்த தடவை இன்னும் நிதானமாகப் பேசுகிறேன் என்றாள். அப்படியே பேசவும் செய்தாள். போகாதே என்று அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அவருக்கு உண்மை தெரியாது.

புது மணி எந்த வருஷம் வந்து எந்த வருஷம் போனது, மத்தியான ஒலிபரப்பு பன்னிரண்டரைக்கா ஒரு மணிக்கா, விலை நிலவரம் செய்திக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்டுக்கொள்ள அக்காவும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது.