பேரைச் சொன்னால்தான் பாட்டு

1. மழை நாள்

நான் முதல் தடவை நேரடி ஒலிபரப்பில் பேசிய காலையில் ஸ்டூடியோவில் அறிவிப்பாளர் யாரும் இல்லை. கண்டியில் மூன்று நாளாக மழை. பேராதனைப் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறி, வரவேண்டியவர்கள் வழியிலேயே நின்றுவிட்டார்கள். எங்களுடையது சின்ன தனியார் வானொலி. எனக்கு அங்கே பாட்டுகளை வரிசைப்படுத்தி எது எப்போது ஒலிபரப்பானது என்று லொக் ஷீட் எழுதுகிற வேலை. அப்பா மாநகரசபைத் தொழிலாளி என்பதால் சபை தந்த வீடு பக்கத்திலேயே இருந்தது, நடந்தே வந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு ஃபெக்ஸில் அரச அறிவித்தல் வந்தது. "மண்சரிவு அபாயம் நிலவும் பிரதேசங்களில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்கு இடம்பெயருமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்." எழுத்துப் பிசகாமல் இரண்டு தடவை வாசித்தேன். என் குரலை வெளியே அனுப்பும் ஃபேடரை இறக்கியதும் டெலிபோன் அடித்தது. ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்.

"ஏங்க, இப்ப ரேடியோவுல என்னமோ சொன்னீங்களே, ஒன்னும் வெளங்கலங்க. வீட்டுக்குப் பின்னாடி மண்ணு வெடிச்சிருக்கு. நாங்க இருக்கவா, போகவா?"

"போயிருங்கக்கா, இப்பவே போங்க" என்றேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பாதியில் நிறுத்தி ஃபேடரை ஏற்றினேன்.

"மலையில இருக்கவங்க கேளுங்க. வீட்டுக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருந்தா, பைப்புல தண்ணி கலங்கி வந்தா, நிக்காதீங்க. புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கோ கோயிலுக்கோ போயிருங்க. சட்டி பானைய அப்புறம் எடுத்துக்கலாம்."

அந்தப் பெண் குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் பின்சுவர் மத்தியானம் இடிந்து விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. மறுநாள் அவரே போன் செய்து சொன்னார்.

அதற்குள், அன்று மாலை தண்ணீர் வடிந்து எல்லோரும் வந்து சேர்ந்ததும், எனக்கு விசாரணை நடந்து முடிந்திருந்தது. பணிப்பாளர் மேசையைத் தட்டினார். "இது ரேடியோவா, சந்தையா? தோட்டத்துப் பாஷையில பேச யாரு உனக்குச் சொன்னது?"

எங்கள் மூத்த அறிவிப்பாளர் புனிதவதி அக்கா கதிரையில் இருந்து எழுந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் உச்சரிப்பில் ஒரு ளகரம் பிசகினாலும் முகம் சுளிப்பவர். என்னைக் காப்பாற்றுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கும் இந்தப் பேச்சு பிடிக்கேல்லை, சேர். ஆனா அறிவித்தலை வாசிக்கேக்கை சனத்துக்கு விளங்கேல்லை. இந்தப் பிள்ளை சொன்னது விளங்கினது. நான் இந்த வேலைக்கு வரேக்கை பொம்பிளையள் சமையல் குறிப்பு வாசிச்சாப் போதும் எண்டவை. செய்தி வாசிக்க வேணுமெண்டு ரெண்டு வருசம் கேட்டுக்கொண்டு நிண்டனான். பிடிக்காததை எல்லாம் நிப்பாட்டியிருந்தா நானும் இங்கை இல்லை."

பணிப்பாளர் போகலாம் என்பதுபோல் கையைக் காட்டினார். என் வேலை போகவில்லை.

2. ராமையா சம்சாரம்

அடுத்த வருடம் பெண்களுக்கான ஒரு மணித்தியால நிகழ்ச்சியை எனக்குத் தந்தார்கள். நேயர் போன் செய்து பேசலாம், பாட்டுக் கேட்கலாம். முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். யாருக்கும் பெயர் இல்லை. "நான் ராமையா சம்சாரம்." "நான் கடைக்கார முதலாளி வீட்டுல."

"ஒங்க பேரு என்னங்க?" என்று கேட்டால் கணவர் பெயரையே திரும்பச் சொல்வார்கள். ஒரு பெண் சிரித்தே விட்டார். "எம்பேரக் கேட்டு எவ்வளவு காலமாச்சு!"

பேரைச் சொன்னால்தான் பாட்டு என்று அறிவித்தேன். புகார்க் கடிதங்கள் வந்தன, குடும்பப் பெண்களைக் கெடுக்கிறேன் என்று. நான் விடவில்லை. ஆறு மாதத்தில் பெயரோடு பேசத் தொடங்கினார்கள். பஸ்களில் இந்த நிகழ்ச்சி ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டில் ஒருத்தி அறிவிப்பாளராகவும் மற்றவள் நேயராகவும் நடிப்பதை நானே கேட்டிருக்கிறேன். "ஒங்க பேரு என்னங்க?" என்று என்னைப் போலவே இழுத்துச் சொன்னார்கள்.

எனக்குத் தலைக்கனம் ஏறியது அங்கேதான். மக்கள் பேச்சு என்றால் என் பேச்சுத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஃபஸ்மினா

இது சமீபத்தில் நடந்தது. கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடயில் இருந்து ஃபஸ்மினா என்ற பெண் உதவித் தயாரிப்பாளராக வந்தாள். வயது இருபத்து நான்கு. அந்த நேரம் புதிய நிர்வாகம் என் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுப் பாட்டு மட்டும் போட யோசித்தது. கடைசி வாய்ப்பாக ஒரு வாரம் தந்தார்கள். ஃபஸ்மினா தன் உம்மாவைப் பேச வைக்கலாம், தானே பேட்டி எடுக்கிறேன் என்றாள். உம்மா ஐம்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டி ஓட்டப் பழகியவர்.

ஒத்திகையில் நான் அவளை மூன்று தடவை நிறுத்தினேன்.

"'ஈக்கி'ன்னு எயார்ல சொல்லாதம்மா. 'இருக்கு'ன்னு சொல்லு."

"ஏன் மிஸ்?"

"கேக்கிறவங்களுக்கு விளங்கணும்ல?"

"எங்கட ஊர்ல எல்லாருக்கும் வெளங்கும் மிஸ். நீங்க பேசுறதும் எங்களுக்கு வெளங்குது. அவங்களுக்கு மட்டும் எங்கட பேச்சு வெளங்காதா?"

அவள் கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, ஒன் இஷ்டம்" என்று எரிச்சலோடுதான் சொன்னேன்.

நிகழ்ச்சியில் அவள் உம்மா தயங்காமல் பேசினார். "பேராதனை கிளினிக்குக்குப் போக மாசா மாசம் ஆள் தேடணும். எனக்கு ஆரையும் கெஞ்ச ஏலா. அதான் பழகின. மூணு தடவ விழுந்த. நாலாம் தடவ விழல்ல."

ஒரு ஆண் லைனில் வந்தார். "எங்கட ஊட்டுப் பொம்புளையளக் கெடுக்க வாணாம். நிப்பாட்டுங்க இத."

என் கை ஃபேடருக்குப் போய்விட்டது. ஃபஸ்மினா வேண்டாம் என்று தலையசைத்து, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் 'நானா' என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நானா, ஒங்கட உம்மாக்குச் சொகமில்லாட்டி ஆரு கூட்டிப் போற?"

"நான்தான். லீவு எடுத்துப் போற."

"லீவு கெடைக்காட்டி?"

அவர் போனை வைக்கவில்லை, பேசவும் இல்லை. ஐந்து விநாடி எந்த ஒலியும் போகாத டெட் எயார். முப்பது வருடத்தில் நான் ஒரு விநாடிகூட விட்டதில்லை. அன்று விட்டேன். அடுத்த அழைப்பு தெல்தெனியவில் இருந்து. ஸ்கூட்டி ஓட்டும் லைசனுக்கு எங்கே போய் விண்ணப்ப ஃபோம் எடுப்பது என்று ஒரு பெண் கேட்டார். பிறகு லைன் ஓயவில்லை.

மறுநாள் நிர்வாகத்திடம் நானே போனேன். "நிகழ்ச்சிய நிறுத்தாதீங்க. என்னைய மாத்துங்க. ஃபஸ்மினா நடத்தட்டும், அவ பேச்சுலயே." அரை மணித்தியாலம்தான் தந்தார்கள். எனக்கு ஏமாற்றம். ஃபஸ்மினாவுக்கு இல்லை. "மிச்சத்த ஃபோன்ல வீடியோவாப் போடுற மிஸ்" என்றாள். சொன்னபடி செய்தாள். அந்தத் துண்டு வீடியோக்களை இப்போது ஊர் ஊராகப் பார்க்கிறார்கள்.

இப்போது நான் வீட்டில் இருந்து கேட்கிறேன். அவள் பேச்சில் சில சொற்கள் இன்றும் என் காதை உறுத்தும். போன் செய்து திருத்துவதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. நமக்கு முன்னால் வந்தவர் நமக்காக வாதாடியதை மறக்கமாட்டோம். நமக்குப் பின்னால் வருகிறவளை நாம் நிறுத்தியது மட்டும் ஞாபகத்தில் நிற்காது. அதனால்தான் ஒத்திகையில் ஃபஸ்மினாவை நான் நிறுத்திய மூன்று தடவையையும் எழுதி வைத்திருக்கிறேன்.