கரும்புத் தோட்டத்தில் ஒரு மோட்டார் படகு

நாங்கள் மாடு வாங்கிப் பழகிய குடும்பம். செருப்பு வாங்கினாலும் மாடு பார்ப்பதுபோலத்தான் பார்ப்போம். முதலில் பேசாமல் ஒரு சுற்று நடக்க வேண்டும். பிடித்திருந்தால் முகத்தை இன்னும் கடுகடுவென்று வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கையால் தடவிப் பார்த்து, சுழி சரியில்லை, குளம்பு சரியில்லை என்று நாலு குறை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும். திரும்பி வந்த பிறகுதான் விலைப் பேச்சு. இந்த லட்சணத்தில் நானும் என் அண்ணனும் ஒரு பழைய மோட்டார் படகு பார்க்கப் போனோம். அதுவும் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, படவேட்டுப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துக்கு.

மலைக்காரிக்குப் படகு எதற்கு என்று சிரிக்க வேண்டாம். எங்கள் ஊர் ஏரியின் மீன் குத்தகையை எங்கள் மகளிர் குழு எடுத்திருந்தது. குழுவுக்கு நான் தலைவி. குஞ்சு விட்டாயிற்று. தினமும் நடு ஏரிவரை போய்த் தீவனம் போட வேண்டும். கையில் இருந்தது ஒரு பரிசல். அதில் இரண்டு பேர் ஏறித் துடுப்புப் போட்டால் அது முன்னால் போகாது, நின்ற இடத்திலேயே சுற்றும். கரையேறியதும் ஒருத்தி வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி இனிமேல் கூப்பிட்டால் குழுவை விட்டே போய்விடுவேன் என்றாள். மீன் தின்ற தவிட்டைவிட எங்கள் தலையில் கொட்டிய தவிடுதான் அதிகம்.

இந்த நேரம் பார்த்து அண்ணன் படகுப் பேச்சை எடுத்தார்.

அண்ணன் பஸ் டிரைவர். இருபது வருஷம் இந்த மலைப்பாதையில்தான் ஓட்டினார். இருக்கிற நாலு பஸ்ஸில் அவருடைய பஸ் வருகிற சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் உலை வைப்போம். சக்கரை வியாதி கண்ணுக்குப் போய், லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கேட்டால், "கொஞ்சம் மங்கல், வேற ஒண்ணும் இல்ல" என்பார். நாங்களும் நம்பினோம். அன்றிலிருந்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். மேட்டில் ஒரு லாரி முனகினால் போதும், செகண்ட் போடுடா சோம்பேறி என்று இங்கிருந்து கத்துவார். அண்ணி பாவம், இரண்டு வருஷமாக ஓடாத பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவள்போல ஆகிவிட்டாள்.

பழைய கண்டக்டர் ஒருவர் மூலமாக அவருக்குச் செய்தி வந்திருந்தது. ஃபைபர் படகு, பின்னால் மாட்டுகிற இஞ்சின், சல்லிசாக வருகிறது. நம் ஏரியில் ஓட்டுவதற்கு எவன் வந்து லைசென்ஸ் கேட்கப் போகிறான் என்றார். உங்களுக்குப் படகாச்சு, எனக்கு வேலையாச்சு என்றார். குழுவில் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில், நீயே போய்ப் பார், நீ சொன்னால் சரி என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் சரி என்றால் அண்ணனுக்கு ஓட்ட ஒரு வண்டி. இல்லை என்றால் மறுபடியும் அந்த நாற்காலி.

கிளம்புகிற அன்று அண்ணி என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்துப்போய்க் காதில் சொன்னாள். "ஓட்ட கீது, ஒடசல் கீதுன்னு இன்னாமோ ஒண்ணு சொல்லிட்டு வந்துடு. அவர தண்ணில வுட்டுட்டு நான் வூட்ல நிம்மதியா உக்காந்துனு இருக்க முடியாது."

எனக்கும் அதே பயம்தான். அதனால் சத்தியமே செய்து கொடுத்தேன். குறை சொல்வது எனக்கு என்ன புதுசா?

என் ஸ்கூட்டியில் போனோம். நான் ஓட்ட, அண்ணன் பின்னால். அந்தப் பயணம் என் எதிரிக்கும் வர வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடி என் வண்டியை மிதித்தது. ஹாரன் அடி, ஹாரன் அடி என்று அவரே ஹாரன் மாதிரி கத்தினார். பாதி மலையில் வண்டியை நிறுத்தி, இன்னொரு வார்த்தை பேசினால் இங்கேயே இறக்கிவிட்டுவிடுவேன் என்றேன். அதற்குப் பிறகு வாயால் சொல்லவில்லை. வளைவு வந்தால் என் தோளைத் தட்டினார்.

படகுக்காரருக்கு எங்களைவிட வயது குறைவு. முன்பு ஒரு ஏரியைக் குத்தகை எடுத்தவர். இப்போது கரும்புதான். கரும்பு விளைகிற ஊரில் படகை எவன் வாங்குவான்? அதனால்தான் சல்லிசு. வரப்போரம் செங்கல் அடுக்கி, அதன்மேல் படகை ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். தார்ப்பாயை விலக்கியதும் உள்ளே படுத்திருந்த நாய் ஒன்று எங்களை முறைத்துவிட்டு இறங்கிப் போயிற்று.

அண்ணன் ஆரம்பித்தார். பேசாமல் ஒரு சுற்று. முகத்தில் வேப்பெண்ணெய் குடித்த களை. அப்புறம் இரண்டு உள்ளங்கையாலும் படகின் விலாவைத் தடவிக்கொண்டே மெதுவாகப் போனார். அடியில் ஓர் இடத்தில் கை நின்றது. "இங்க ஒட்டுப் போட்டுக்கீறீங்க" என்றார். நான் குனிந்து பார்த்தேன். பெயின்ட் அடித்து மறைத்திருந்த ஒட்டு எனக்குத் தெரியவே இல்லை. படகுக்காரரே அசந்துபோய், ஆமாங்கண்ணா, கல்லில் தட்டியது, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்றார். எனக்கு அண்ணனை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, நல்ல குறை ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தது. ஒட்டுப் போட்ட படகு, நாற்றமடிக்கிற படகு, நாய் படுத்த படகு என்று நான் என் பங்குக்கு அடுக்கினேன்.

நீங்கள் ஒன்றும் நம்ப வேண்டாம் அக்கா, பக்கத்து ஏரியில் இறக்கி ஓட்டியே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, டிராக்டரும் ஆளும் கூட்டிவர அவர் போனார். நான் தென்னை நிழலில் ஒதுங்கி அண்ணிக்கு போன் போட்டேன். கவலைப்படாதே, வேண்டாம் என்று சொல்ல நாலு காரணம் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்னால் இஞ்சின் உறுமியது.

அண்ணன் படகில் ஏறிக் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டிருந்தார். இருபது வருஷப் பழக்கம். காலையில் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்பார். எங்கே நோகிறது என்று இஞ்சினே சொல்லும் என்பார். இப்போதும் அப்படித்தான் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இஞ்சின் கைப்பிடியில் ஒரு கை. சுற்றிலும் கரும்பு. செங்கல் மேல் நின்ற படகு கிடுகிடுவென்று ஆடியது. அவர் முகத்தில் மாடு வாங்குகிற கடுகடுப்பு சுத்தமாகப் போய்விட்டது. வாய் கொள்ளாத சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. அண்ணி போனில் என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கட் பண்ணிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகுகிற வாடை வந்தது. பிறகு புகை. இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று.

கிணற்று மோட்டாரைத் தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் வெந்துபோகும் என்று எங்கள் வீட்டு மாட்டுக்குக்கூடத் தெரியும். படகு இஞ்சினும் தண்ணீரை இழுத்துத்தான் குளிரும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இஞ்சின் என்றாலே அவருக்கு பஸ், அவ்வளவுதான். ஓடிப்போய்ப் பார்த்தேன். இஞ்சின் மூடிமேல் படகுக்காரர் வெள்ளைப் பெயின்டில், விரல் தடிமனுக்கு, எழுதி வைத்திருந்தார்: தண்ணியில் மட்டும் ஸ்டார்ட் செய்யவும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்தவன் பொருளைப் பொசுக்கிவிட்டாயே, இவ்வளவு பெரிசாக எழுதியிருக்கிறானே, இதைக்கூடப் படிக்காமல் என்ன டிரைவர் நீ என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அண்ணன் மூடிக்கு நேராகத்தான் பார்த்தார். பிறகு மூடிக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"எங்கம்மா எழுதிக்கீது?" என்றார்.

ஒரு முழ தூரம்கூட இல்லை. அவர் படகைத் தடவித் தடவிப் பார்த்தது மாடு பார்க்கிற பழக்கத்தில் இல்லை, கண்ணுக்குத் தெரியாததால் தடவியிருக்கிறார். வளைவுகள் அவருக்குத் தெரிந்தது இருபது வருஷம் ஓட்டிய ஞாபகத்தில். வீட்டில் லாரியைத் திட்டியது சத்தத்தை வைத்து. இத்தனை நாள் கூடவே இருந்து இதைக் கவனிக்காத என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

படகுக்காரர் டிராக்டரோடு வந்தார். நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அண்ணனே, தம்பி, தெரியாமல் ஓட்டிவிட்டேன், செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டார். படகுக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே தண்ணீர் இழுக்கிற ரப்பர் பங்கா மட்டும்தான் போயிருக்கிறது, இஞ்சின் தப்பியது, வேலூரில் வாங்கி நானே மாற்றிக்கொள்கிறேன், நீங்கள் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகப் போகலாம் என்றார். அவ்வளவு நல்ல மனுஷன். நான் சத்தியம் செய்ததுபோலவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வழி அகலமாகத் திறந்திருந்தது.

அண்ணன் படகிலிருந்து இறங்க முயன்றார். கையைக் கொடுத்தேன்.

"வேணாம்மா, போலாம்" என்றார். கரும்பைப் பார்த்தபடி சொன்னார். "தண்ணில எதுர்ல எவனும் வரமாட்டான்னு நெனச்சேன். அதான் கேட்டேன்."

என் அண்ணன் எதையும் என்னிடம் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு வளையல் வாங்கித் தந்ததும், என் பிள்ளை படிக்கப் போனபோது தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டுபோய் விட்டதும் அவர்தான். அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். படகுக்காரரிடம் திரும்பி, பங்காவை மாற்றி எப்போது மலைக்கு ஏற்றி அனுப்புவாய், நாள் சொல் என்று சண்டைக்காரிபோலக் கேட்டேன். விலை பேச டீ குடிக்கப் போகவே இல்லை. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு பொருள் வாங்கியது அதுதான் முதல் தடவை.

அண்ணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அண்ணன் தனியாகப் படகில் ஏறமாட்டார், எப்போதும் நான் கூட இருப்பேன், மிதவைச் சட்டை போடாமல் கயிற்றைத் தொடமாட்டார் என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். குழுவில் யார் ஓட்டுவது என்று கேட்டார்கள். அண்ணன் ஓட்டுவார், நான் முன்னால் உட்காருவேன் என்றேன். ஏன் முன்னால் என்று யாரும் கேட்கவில்லை. மலையில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்போல, எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது.

படகு வந்து இறங்கியது ஒரு காலை நேரம். ஏரியில் வெயில் அப்போதுதான் விழுந்திருந்தது. மடியில் தவிட்டு மூட்டையோடு நான் முன்னால், ஆரஞ்சுச் சட்டையில் அண்ணன் பின்னால். எனக்கு நீச்சல் தெரியாது. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டேன். கயிற்றை ஒரே இழுப்பு, ஸ்டார்ட் ஆகிவிட்டது. நான் வலது, இடது என்று சொல்லச் சொல்ல அவர் ஒடித்தார். சொல்லி முடிப்பதற்குள் படகு திரும்பியது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

எதிர்க்கரைப் பக்கம் ஆழமில்லாத இடத்தில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்தார். மங்கலாகத் தெரிந்த வெள்ளையை, வெள்ளைச் சட்டை போட்ட ஆள் என்று நினைத்துவிட்டார். ரோட்டை மறிக்கிறவனை அதட்டுகிற பழைய குரலில், "யோவ், ஓரமா நில்லுய்யா" என்று கத்தினார்.

கொக்கு எழுந்து பறந்தது.

"நவுந்துட்டானா?" என்று என்னிடம் கேட்டார்.

"நவுந்துட்டாண்ணா" என்றேன். "நீ போ."