தம்பின் ஸ்டேசனில் தூங்கிய காலை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் அது. கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். வீடு மலாக்கா டவுனில், காஜா பெராங்கில். கணவருக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. மலாக்காவுக்கு வந்த தண்டவாளத்தை ஜப்பான்காரன் காலத்திலேயே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் திங்கள்தோறும் விடியலில் பஸ் பிடித்துத் தம்பின் போய், அங்கிருந்து லோக்கல் ரயில் ஏறுவேன். அது ஒவ்வொரு சின்ன ஸ்டேசனிலும் நின்று, எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, ஊர்ந்து போகும். திங்களன்று எனக்கு மதிய வகுப்புகள் மட்டும்தான். வெள்ளி மாலை வரை தோட்டத்திலேயே தங்கிக்கொள்வேன்.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் கண் மூடவில்லை. திங்கள் காலை வழக்கம்போல் அவளை எதிர்வீட்டுச் செட்டி அம்மாவிடம் விட்டேன். மலாயே வீட்டுமொழியாகிவிட்ட மலாக்காச் செட்டி வம்சம் அவர். "பெர்கிலா," போய் வா என்று மலாயில் சொல்லி என்னை அனுப்பிவைத்தார்.

ஸ்டேசன் பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது காலில் வெயில் சுட்டது. பிளாட்பாரத்தில் போர்ட்டர் மட்டும் கூட்டிக்கொண்டிருந்தார்.

"லோக்கல் இன்னும் வரலயாண்ணே?"

"அது போயி ரொம்ப நேரமாச்சே டீச்சர்."

"ஏன் எழுப்பல?"

"எழுப்பத்தான் வந்தேன். ரயில் கார்டுகூட எட்டிப் பாத்தாரு. நீங்க தூங்கின தூக்கத்தப் பாத்து ரெண்டு பேருக்கும் மனசு வரல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிள்ளைங்க அங்க காத்துக்கிட்டிருக்கும். யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"அடுத்தது சாயந்தரந்தான். வீட்டுக்குப் போங்க டீச்சர். முகமே சரியில்ல."

மறுத்துப் பேசக்கூடத் தெம்பு இல்லை. பஸ் ஏறித் திரும்பினேன். மகளுக்கு நெற்றி வியர்த்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. செட்டி அம்மா வீட்டுப் பாயிலேயே அவளை அணைத்துப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மறுபடி அதே பஸ், அதே லோக்கல். தலைமையாசிரியர் காரணம் கேட்டார்.

"ஸ்டேசன்ல தூங்கிட்டேன் சார்."

அவர் குடும்பம் சிரம்பானில் இருந்தது. அவரும் வாராவாரம் அந்த ரயிலில் அலைகிறவர்தான்.

"சரி, கிளாஸுக்குப் போங்க," என்றார்.

வீட்டுக்குப் பக்கத்தில், மலாக்கா டவுன் பள்ளிக்கு மாற்றல் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.