துணி காயாத ஆடி

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னார் இரண்டு மணி நேரந்தான். அந்த இரண்டு மணி நேரமும் நான் வாந்தி எடுத்துக்கொண்டே போனேன். இடுப்பில் பத்து மாதப் பையன், முந்தானையைப் பிடித்தபடி நாலு வயதுப் பெண், காலடியில் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி. ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. என் கணவர் அதற்குப் பல வருடம் முன்பே இலங்கைக்குப் போய், திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக, தேயிலை தயாராவதை மேற்பார்க்கும் உத்தியோகத்தில், இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். பிள்ளைகள் அவரை ஏதோ விருந்தாளி என்றுதான் நினைத்திருந்தார்கள்.

தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கியபோது வைகாசி மாதம். முசிறிப் பக்கம் எங்கள் ஊரில் வைகாசியில் காக்கைகூட வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். இங்கே வாயைத் திறந்தால் புகை வந்தது. என் பெண் பயந்துபோய், "அம்மா, எனக்குள்ள அடுப்பு எரியுது" என்றாள். எங்களைக் கூட்டிப்போக ஸ்டேஷனுக்கு வந்திருந்த அவள் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு நல்ல வீடுதான், குறை சொல்லக்கூடாது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். ஊரில் ஒரு குடம் தண்ணீருக்குக் கிணற்றடியில் அரை மணி நேரம் நிற்பேன். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் பத்துப் பேரோடு பேசிவிட்டு வருவேன். இங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. பேச்சு வரவில்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. தொழிலாளர்கள் இருந்த லயங்கள், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், ஓடைக்கு அந்தப்புறம். உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் லயத்துப் பக்கம் போய் உட்கார்ந்து பேசுவது வழக்கமில்லை என்று வந்த இரண்டாம் நாளே என் கணவர் சொல்லிவிட்டார். அவர் விடியுமுன் வேலைக்குப் போவார், மத்தியானம் வந்து சாப்பிட்டுத் தூங்குவார், எழுந்து மறுபடி போவார். நான் பேசுவதற்கு இருந்தது நாலு வயதுப் பெண் ஒருத்திதான். அவளும் கேட்டதையே கேட்பாள்: "வெயில் எப்பம்மா வரும்?"

அவரிடம் எனக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றிய பழக்கங்கள் சில உண்டு. முகத்துக்குப் பவுடர் போடமாட்டார். பையனுக்கு நான் சாம்பிராணி போட்டால் அந்த அறைக்குள்ளேயே வரமாட்டார். ஒருநாள் அவர் சட்டைப் பையில் விளையாட்டாக ஒரு ஏலக்காயைப் போட்டுவிட்டேன், வழியிலேயே கண்டுபிடித்துத் திரும்பி வந்து சட்டையை மாற்றிக்கொண்டு போனார். "தேயிலைக்கு எந்த வாசமும் ஆகாது, பக்கத்துல இருந்தாலே இழுத்துக்கும்" என்றார். இலைக்கு மூக்கு இருக்கிறதாக்கும் என்று நான் கேலி செய்தேன்.

ஆனியில் மழை பிடித்தது. ஊர் மழை வரும், கொட்டும், போகும். இந்த மழை வந்து குடியிருந்தது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பிள்ளை அழுதால்கூடக் கேட்காது. என்னைத் தோற்கடித்தது மழையோ குளிரோ இல்லை, துணி. பத்து மாதப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைப்பான் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டால் மூன்றாம் நாளும் சொதசொதவென்றிருக்கும். அடுப்பைச் சுற்றிப் போட்டேன், புகையேறிக் கறுத்தது. கூடையைக் கவிழ்த்து அடியில் தணல் வைத்துப் போட்டேன், ஒன்று பொசுங்கியது. ஈரத்துணியைக் கட்டி, பையனுக்குத் தொடையெல்லாம் புண்ணாகி, மூக்கு ஒழுகி, நெஞ்சில் கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்தது. அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எங்களை ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று அவரிடம் தினமும் ஒரு தடவையாவது அழுவேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்.

அந்த நாட்களில்தான் ஒருத்தி எங்கள் வேலியோரம் வந்து நின்றாள். தொழிற்சாலையில் கொழுந்து பரப்புகிற பெண். பறித்த கொழுந்தை மேல்மாடிகளில் அடுக்கடுக்காகக் கட்டிய சாக்குத் தட்டுகளில் மெலிதாகப் பரப்பி, சூடான காற்று விட்டு வாட்டுவார்கள். அதுதான் அவள் வேலை. வேலைக்குப் போகும் வழியில் என் பையன் அழுவதைக் கேட்டு நின்றிருக்கிறாள். அவளுக்கும் அதே வயதில் ஒரு பையன். அவனைப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் வேலை முடித்து வரும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில், விட்டிருந்தாள். அது தொழிற்சாலைக்குக் கூப்பிடு தூரம் என்பதால் நடுவில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள்.

"புள்ளைக்கு நெஞ்சு கட்டியிருக்குங்கம்மா. ஈரத்துணிய மட்டும் போடாதீங்க" என்றாள்.

"காஞ்ச துணிக்கு நான் எங்க போவேன்?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். யார்மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளும் வந்தாள். போகும்போது இரண்டு நிமிடம், வரும்போது ஐந்து நிமிடம் என்று நிற்பாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தபடி, அவள் வேலிக்கு அந்தப்புறம் நின்றபடி. உள்ளே வா என்று நான் சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. அவள் இங்கேயே பிறந்தவள். எங்கள் பக்கத்துப் பேச்சைத்தான் பேசினாள், ஆனால் எங்கள் பக்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. காவிரி எவ்வளவு அகலம், வெயிலில் வடகம் எப்படிக் காயும் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்பாள். ஊருக்குப் போய்விட வேண்டும் என்பதை மட்டும் நூறு தடவை அவளிடம் சொல்லியிருப்பேன். "போயிருவீங்கம்மா" என்பாள். அவள் வரும் நேரத்துக்கு நான் தலைவாரிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தேன். அவ்வளவு தனிமை எனக்கு.

ஒருநாள் அவள் பேச்சுவாக்கில், மாடியில் விடுகிற காற்றுச் சூட்டில் தன் நனைந்த தலைமுடி நிமிடத்தில் காய்ந்துவிடும் என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்க கொண்டுபோய் இந்தத் துணிய ஒரு மூலையில போட்டு எடுத்துட்டு வாயேன்."

"வேணாங்கம்மா, கொழுந்துல வாசம் புடிச்சிரும். பூ வெச்சுக்கிட்டுக்கூட உள்ள போகக்கூடாதுங்க."

"துவச்ச துணிக்கு ஏது வாசம்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் உத்தியோகஸ்தர் பெண்சாதி. இல்லை என்று சொல்ல அவளால் முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கேட்டேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இடுப்பில் கட்டும் சாக்கு மடிப்புக்குள் துணிகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் காய்ந்து, மொரமொரவென்று, சூடு ஆறாமல் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தில் வைத்துப் பார்த்தேன். அழுதுவிட்டேன். நாலைந்து நாள் அப்படிப் போனது. பையன் புண் ஆறியது, மூச்சின் கரகரப்பும் குறைந்தது. என் பெண்கூடக் காய்ந்த பாவாடையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் சுற்றிச் சுற்றி ஆடினாள்.

அதோடு விட்டிருக்கலாம். துணி வசதியாகக் காய்கிறதே என்று, தகரப் பெட்டியின் அடியிலிருந்த அம்மாவின் பழைய நூல்புடவை ஒன்றை எடுத்துக் கிழித்துப் புதுத் துணிகள் போட்டேன். பெட்டிக்குள் அம்மா அந்துருண்டை போட்டு வைத்திருந்தாள். ஒரு தடவை அலசினேன். வாசம் இன்னும் லேசாக இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டு உள் அறையின் வாசம் அது. இன்னொரு தடவை அலச மனம் வரவில்லை. அவளுக்கு அன்று ஜலதோஷம், மூக்கடைப்பு. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து என் கணவர் நேரமல்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்தார். முகம் செத்திருந்தது. காலையில் தோட்டத்தை நடத்தும் துரை வழக்கம்போலத் தேயிலையை வெந்நீரில் போட்டுச் சாயம் இறக்கிக் குடித்துப் பார்த்தவர், வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாராம். ஒரு நாள் தேயிலை முழுவதும் அந்துருண்டை நாற்றம். மாடியைச் சோதித்ததில் ஒரு தட்டுக்கு அடியில் பிள்ளைத்துணி ஒன்று விழுந்து கிடந்தது. அந்த மாடியில் கைக்குழந்தைக்காரி ஒருத்திதான். துரை அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவள் வாயையே திறக்கவில்லை. அன்றே அவளைத் தொழிற்சாலையிலிருந்து நீக்கிக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள், அதுவும் தோட்டத்தின் உச்சி மலைக்கு.

சொல்லிக்கொண்டே வந்தவர் கொடியைப் பார்த்தார். அதே புடவையின் மீதித் துண்டுகள் தொங்கின. கிட்டப் போய் மோந்து பார்த்தார்.

"இது நம்ம துணியா?"

"ஆமாங்க."

நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "வாயத் தொறக்காத" என்றார். "ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா என் வேல போயிரும். வேல இருந்தாத்தான் நமக்கு இங்க அனுமதி. நாலு பேரையும் கப்பல் ஏத்தி அனுப்பிருவாங்க."

"அந்தப் பொண்ணு?"

"அவ இங்கத்திக்காரி. மலையில எல்லாரும் கொழுந்து எடுக்கலையா? எடுப்பா."

நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டு வழியாகப் போவதில்லை. விடிகாலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடத் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டதும் ஜன்னல் ஓரம் வந்து நிற்பேன். பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துவிட்டு மலையேறுகிற பெண்கள், தலையில் கம்பளியும் முதுகில் கூடையுமாக, எதிர்ச்சரிவில் மழைக்குள் வரிசையாகப் போவார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரி இருப்பார்கள். அதில் அவள் யார் என்று தேடுவேன். உச்சி மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். என் பையன் மடியில் கிடந்து பால் குடிக்கும்போது அந்த இன்னொரு பையனின் ஞாபகம் வரும். வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். துணியை மறுபடி அடுப்பைச் சுற்றியே போட்டேன். புகை நாற்றத்தோடு கட்டினேன். யாரோடும் பேசாமல் ஆடி முழுவதும் போனது. சில நாட்கள் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

ஆவணியில் ஒருநாள் காலை கண் விழித்தால் கூரையில் சத்தம் இல்லை. வெளியே வெயில். என் பெண் வாசலில் நின்று கைகளை நீட்டி நீட்டிப் பார்த்தாள். வீட்டிலிருந்த துணி அத்தனையையும் வேலியில் விரித்துக்கொண்டிருந்தபோது பாதையில் அவள் வந்தாள். பையனை இடுப்பில் வைத்திருந்தாள். காய்ச்சல், மருந்து வாங்கத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள். அவன் மிகவும் மெலிந்திருந்தான்.

ராவும் பகலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததில் முதல் வரி மட்டும் வந்தது. "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன். "நீ ஏன் சொல்லல?"

"நான் சொன்னா யாரும்மா நம்பப் போறாங்க? பொய்யும் சொல்றான்னு சேத்துத் திட்டுவாங்க" என்றாள்.

"சொன்னா அவரு வேல போயிரும்னாரு. எங்கள எல்லாம் கப்பல் ஏத்திருவாங்கன்னாரு. அதான்…"

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். முகத்தில் கோபம் இல்லை. உண்மையிலேயே விளங்காததைக் கேட்பவளைப் போலத்தான் கேட்டாள்.

"ஊருக்குப் போவணும் போவணும்னுதானே தெனமும் அழுதீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போயிருக்கலாமேம்மா."

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. பிள்ளை அழ ஆரம்பிக்கவும் அவள் வரேங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் பையன் பிழைத்துக்கொண்டான் என்று என் கணவர்தான் பிறகு விசாரித்துச் சொன்னார். அவள் மறுபடி தொழிற்சாலைக்கு வரவில்லை, எங்கள் வேலிக்கும் வரவில்லை. அடுத்த வைகாசியில், மழைக்கு முன்னாலேயே, அவர் தானாகக் கேட்டார்: "உங்க மூணு பேரையும் ஊருல கொண்டுபோய் விட்டுட்டு வரட்டுமா?"

வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் இன்னும் எட்டு வருடம் இருந்தோம். ஊருக்குப் போக வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.