சீசன் வாடகைக்கு எதிராக ஒரு கை

இன்று காலை எங்கள் அடுக்ககத்தில் வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டம்.

குற்றாலம் சீசன் முடியும்வரை, காலியாகக் கிடக்கும் வீடுகளை அருவிக்கு வருகிறவர்களுக்குத் தினவாடகைக்கு விடுவதென்று நிர்வாகக் குழு முடிவு செய்துவிட்டது. எங்களிடம் கேட்டது சம்மதம் மட்டும்தான்.

நான் எழுந்து போன வாரம் நடந்ததைச் சொன்னேன். ஏற்கெனவே அப்படி விட்டிருந்த ஒரு வீட்டில் தங்கி, அருவியில் குளித்துவிட்டுப் போதையோடு வந்த நாலு பேர் என் மகளோடு லிஃப்டில் ஏறி, எங்கள் மாடி வந்தும் அவளை இறங்கவிடாமல் மறித்து நின்று சிரித்திருக்கிறார்கள்.

"சீசன்ல அப்படித்தாம்மா இருக்கும், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார் செயலாளர் அண்ணாச்சி. "சரி, வேண்டாங்கிறவங்க கை தூக்குங்க."

என் கை மட்டும்தான் மேலே இருந்தது. நேற்று "நீ தைரியமாப் பேசு, நாங்க இருக்கோம்" என்று சொன்ன எதிர்வீட்டு மல்லிகா அக்கா, குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினேன். அக்கா பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னதுதான் சரி ஏட்டி. அண்ணாச்சி முகத்துக்கு நேரா எப்படிச் சொல்லுதது? நாளைக்குத் தண்ணி வரலைன்னா அவர்கிட்டதான போய் நிக்கணும்?"

மேலே போவதற்குள் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது.

சாயங்காலம் மகள் டியூஷனுக்கு நாலு மாடியும் படியிலேயே இறங்கிப் போனாள். அவள் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை பால்கனியில் நின்றேன்.

படிக்கட்டில் வைத்து ஓட்டெடுத்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். உங்கள் சங்கத்தில் மனசில் உள்ளதை எங்கே வைத்துச் சொல்கிறார்கள்?