மேனேஜரின் வால்

பட்டறைக்கு யார் வந்தாலும் ஒருநூலார் முகத்தைப் பார்ப்பதில்லை, நடையைத்தான் பார்ப்பார். "இடது தோள் இறங்குது, பையை மாத்திப் போடுங்க." அப்புறம்தான் வணக்கமெல்லாம். செயற்கைக் கால் செய்கிறவர். "கால் உயரம் ஒரு நூல் கூடினாலும் இடுப்பு காட்டிக் கொடுத்துடும்" என்று சொல்லிச் சொல்லி, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அளவில் மகா கறார். சொன்ன தேதிக்கு மட்டும் எதுவும் கைக்கு வராது.

மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் அவர் ஆசையாக வளர்க்கும் புள்ளிப் பல்லி. வேலை செய்யாமல் வேளைக்குச் சாப்பிடுவதால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர்.

போன வாரம் தொட்டிக்குப் பக்கத்திலேயே சாணை மெஷினைப் போட்டார். மெஷின் அலறியது, மேனேஜர் துள்ளினார், வால் தனியே விழுந்து துடித்தது. ஒருநூலார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வால் முளைக்கும், தெரியும். ஆனால் இந்தப் பல்லி கொழுப்பைச் சேர்த்து வைப்பதே வாலில்தான். இனி தின்றால்தான் பிழைக்கும். மேனேஜரோ வாயைத் திறக்கவில்லை. புண்ணில் ஒட்டாதபடி ஒருநூலார் தொட்டி மணலை அள்ளியெடுத்துவிட்டுக் காகிதம் விரித்தார். வெட்டுக்கிளியை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே ஆட்டினார். மணிக்கொரு தரம் டார்ச் அடித்து வயிற்றைப் பார்த்தார். மற்ற வேலையெல்லாம் கிடப்பில்.

சினிமா டிக்கெட் கவுண்டர் அக்கா வந்தார். அவருடைய வலது கால் ஒருநூலார் செய்தது.

"என் புதுக் கால் என்னாச்சு?"

"மேனேஜருக்கு வால் போயிடுச்சுக்கா."

"முளைக்குமா?"

"முளைக்கும். முள்ளங்கி மாதிரி மொழுக்குனு. ஃபினிஷிங்கே இருக்காது."

"உங்கிட்ட ஆர்டர் குடுக்காம அதுவே முளைக்க வச்சுக்குதுல்ல? அப்ப நேரத்துக்கு வந்துடும்."

ஒருநூலார் சிரிக்கவில்லை. "ஒண்ணுமே சாப்பிடலக்கா" என்று மறுபடி டார்ச்சை எடுத்தார். அக்கா அதைப் பிடுங்கினார்.

"எனக்குக் கால் போனப்ப சொந்தக்காரங்க மொத்தமும் கட்டிலைச் சுத்தி நின்னு, நான் வாயில வைக்கிறதையே பாத்துட்டு இருந்தாங்க. தொண்டைல இறங்கல. எல்லாரும் வெளிய போங்கன்னு கத்துனேன், அப்புறம்தான் சாப்பாடு இறங்குச்சு. பூச்சியை உள்ள விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பு தம்பி."

பூச்சியை விட்டார். சுவரைப் பார்த்து நின்றார். அக்கா ஜன்னலைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு காகிதம் சரசரத்தது. 'கறுக்' என்று ஒரு சத்தம்.

ஒருநூலார் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோடு சுவராக, நுனிக்காலில் வாசலை நோக்கி நகர்ந்தார்.